பதினேழாம் எண் வானம்

கூட்டக் குறிப்பில் ஒரு எழுத்துப்பிழை இருந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, வாக்குமூலமாகச் சொல்கிறேன். என் பெயர் சிங்காரம். கடலூரில் உள்ள கடற்கரை ஒளியெழில் வாரியத்தில் இளநிலை உதவியாளர். வாரியம் கூடும்போது யார் என்ன பேசினார்கள் என்று எழுதி, தட்டச்சு செய்து, தலைவரிடம் கையெழுத்து வாங்கிக் கோப்பில் சேர்ப்பது என் வேலை. கோப்பில் ஒரு சொல்லை ஏற்றுவதற்கு எங்களிடம் பதினோரு விதிகள் இருக்கின்றன. இறக்குவதற்கு ஒன்றுகூட இல்லை.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஊடாடும் ஒளிப்பூங்கா அமைப்பதற்காக வாரியத்தை உண்டாக்கினார்கள். நாற்பது கம்பங்கள். ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் ஒரு இரும்புத் தட்டு. தட்டின் மேல் ஆள் ஏறி நின்றால் விளக்கு எரியும், இறங்கினால் அணையும். இதற்காகப் பத்து மாதம் கூட்டம் போட்டோம். பத்து மாதமும் எங்கள் அலுவலக நடைவழியில் ஒரு டியூப்லைட் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. அதை மாற்றச் சொல்லி யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை. விளக்கு சம்பந்தமான கடிதங்கள் எல்லாம் எங்களுக்குத்தான் வரும்.

கம்பங்கள் எங்கெங்கே நிற்க வேண்டும் என்று தரையை அளந்து வரைபடம் போட்டுத் தர கடலூர் முதுநகரிலிருந்து சூசைமாணிக்கம் வந்தார். ஐம்பத்தாறு வயது. குடிகாட்டுப் பக்கம் கம்பெனிகளில் இருபத்தைந்து வருஷம் வயர்மேனாக இருந்தவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும்.

“ஊடாடும் ஒளின்னா இன்னா சார்?” என்று முதல் நாளே கேட்டார்.

“ஆள் நின்னா எரியும், இறங்குனா அணைஞ்சிடும்.”

“அதுக்கு சுச்சுன்னு பேரு சார்.”

அதை நான் குறிப்பில் எழுதவில்லை.

மூன்று நாள் டேப்பும் சுண்ணாம்புத் தூளுமாக மணலில் அலைந்தார். நான்காம் நாள் வரைபடத்தைக் கொண்டுவந்தபோது அலுவலகத்தில் யாரும் இல்லை. அன்றைக்கு முகூர்த்த நாள். தலைவருடைய மச்சான் மகளுக்குத் திருவந்திபுரத்தில் கல்யாணம் என்று வாரியம் மொத்தமும் அங்கே பந்தியில் உட்கார்ந்திருந்தது. அவர் வரைபடத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் வந்து பார்த்தேன். முப்பத்தொன்பது இடத்தில் வட்டம். பதினேழாம் இடத்தில் மட்டும் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. அதன் பக்கத்தில் ஒரே ஒரு சொல்: வாணாம்.

எங்கள் பக்கத்தில் ‘வேண்டாம்’ என்பதை வாணாம் என்றுதான் சொல்வோம். என் அம்மா சொல்வாள், நானும் வீட்டில் அப்படித்தான் பேசுகிறேன். ஆனால் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் எனக்கு வேறு காது வந்துவிடும். மறுநாள் காலை கூட்டத்துக்குப் பட்டியல் தயாராக வேண்டும். ‘வாணாம்’ என்று ஒரு சொல் அகராதியில் இல்லை. அவசரத்தில் மூன்று சுழியை இரண்டு சுழியாக்கி, வேண்டாத துணைக்காலை எடுத்துவிட்டு, ‘17. வானம்’ என்று திருத்தித் தட்டச்சு செய்தேன். வயர்மேன் கையில் இவ்வளவு பிழை இருந்தால் திருத்த ஒரு ஆள் வேண்டாமா என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் தலைவர் சேரன் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்து பதினேழில் நின்றார்.

“வானம்” என்றார். கண்ணாடியைக் கழற்றினார். “என்ன ஒரு சிந்தனை!”

உறுப்பினர் ஒருவருக்குச் சந்தேகம். “வரைபடத்துல குறி போட்டிருக்காரே. பேரு வேற சூசைமாணிக்கம். சிலுவையா இருக்குமோ? அப்புறம் நாலு பேரு கேப்பாங்க.”

தலைவர் அதற்காகவே வைத்திருந்த மின்குறியீட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். அதில் பெருக்கல் குறிக்கு நேராக ‘விளக்கு’ என்று இருந்தது. “பார்த்தீங்களா, மத்ததெல்லாம் இடம்தான். இதுதான் விளக்கு. முறைப்படி போட்டிருக்கார்.”

சிதம்பரத்திலிருந்து திரையில் தெரிந்த முனைவர் கதிரவன் கை தட்டினார். அவர் எங்கள் ஒளி அழகியல் ஆலோசகர். “தரையில ஒரு வானம்! இருபத்திரண்டு வருஷமா இந்தத் துறையில இருக்கேன், எனக்கு இது தோணினதே இல்ல. இன்னிக்குத் தோணிடுச்சு. என் பேர்ல குறிச்சுக்குங்க.”

குறித்துக்கொண்டேன். அப்போது கதவோரம் நின்றிருந்த சூசைமாணிக்கம் இரண்டு அடி முன்னால் வந்தார்.

“சார், அது வானம் இல்ல சார். வாணாம். அந்த எடத்துல லைட்டு வாணாம்னு போட்டது. மழ பெஞ்சா ரெண்டு மாசத்துக்கு கணுக்கால் தண்ணி நிக்கும் சார் அங்க. உப்புத்தண்ணி. தட்டுல கரண்டு எறங்கிச்சின்னா ஆள் தேற மாட்டான்.”

“வானத்துக்கு விளக்கு வேண்டாமா?” என்று தலைவர் சிரித்தார். “சூரியன், சந்திரன் எல்லாம் என்னய்யா?”

எல்லோரும் சிரித்தார்கள். சூசைமாணிக்கம் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். என் திருத்தம்தான் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

கூட்டம் முடிந்ததும் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். “சார், அது நம்ம வூட்டுக்காரி பஜ்ஜி கடை போட்ற எடம். பதினோரு வருஷமா அங்கதான் நிக்குறா. செருப்பு போட மாட்டா. அடுப்பாண்ட செருப்பு ஆவாதும்பா. நீங்கதான் அத சரி பண்ணணும்.”

சரி பண்ண எங்களிடம் ஒரு படிவம் உண்டு. பிழை ஏற்புப் படிவம். பிழை செய்தவர் பெயர், பதவி, காரணம், ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கான விளக்கம் என்று நான்கு பத்தி. எனக்குத் தகுதிகாண் பருவம் முடிய ஐந்து மாதம் இருந்தது. படிவத்தை எடுத்து மேசை இழுப்பறையில் வைத்தேன். எனக்குப் பயம். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

“ஒரு ஆட்சேபணை மனு எழுதிக் குடுங்க மாமா” என்றேன். அவரை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஆட்சேபணை அழகியல் பற்றியது என்பதால் ஆலோசகர்தான் விசாரிக்க வேண்டும் என்று தலைவர் எழுதினார். கோப்பைத் தூக்கிக்கொண்டு நானும் அவரும் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினோம். பஸ் புதுச்சத்திரம் தாண்டியது. பிறகு, “பொண்ண கட்டிக் குடுத்துட்டோம் சார். இப்ப நானும் அவளுந்தான்” என்றார்.

முனைவர் கதிரவனின் அறை பட்டப்பகலில் இருட்டாக இருந்தது. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. வெளிச்சம் தன் ஒளிச் சிந்தனையைக் கெடுக்கிறதாம். தேவனாம்பட்டினத்துக்கு அவர் வந்ததே இல்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

“இடத்தைப் பார்த்துட்டா கற்பனை சுருங்கிடும்” என்றார். “சொல்லுங்க, என்ன பிரச்சனை?”

“தண்ணி நிக்கும் சார்” என்றார் சூசைமாணிக்கம்.

முனைவர் எழுந்தே நின்றுவிட்டார். “தண்ணியா? வானத்துக்குக் கீழ தண்ணியா? ஏன்யா இதை முன்னாடியே சொல்லல? பிரதிபலிப்பு! எத்தனை மாசம் நிக்கும்?”

“ரெண்டு மாசம் சார்.”

“போதாது. சுத்திலும் அரை அடிக்குக் கட்டுச்சுவர் எழுப்பிடுங்க. வருஷம் பூரா நிக்கணும்.”

சூசைமாணிக்கம் டெஸ்டரைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார். “சார், மண்ணுல கரண்டு லீக்காவும். லீக்கானா தானா கட்டாவுறதுக்குத்தான் டிரிப்பர் வெச்சிருக்குது. தண்ணியில அது பத்து நிமிசத்துக்கு ஒருவாட்டி விழும். லைட்டே எரியாது.”

“அப்ப அந்த டிரிப்பர்தான் ஊடாடலுக்கு இடைஞ்சல்” என்று முனைவர் எழுதிக்கொண்டார். “எடுத்துடுங்க.”

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. சூசைமாணிக்கம் நின்றுகொண்டே வந்தார்.

பிறகு வேலைகள் மளமளவென்று நடந்தன. கம்பங்கள் நின்றன. பதினேழைச் சுற்றிக் கட்டுச்சுவர் எழும்பியது. டிரிப்பரைக் கழற்றி எடுத்துவந்து என் அலமாரியில் வைத்தார்கள். ஐப்பசி மழையில் தொட்டி நிரம்பியது. சூசைமாணிக்கம் வாரத்துக்கு ஒரு மனு கொண்டுவந்தார். கடைசியில் தலைவர் அவரை நேரில் கூப்பிட்டார்.

“சூசைமாணிக்கம், இந்த வாரியம் ஜனநாயக முறையில இயங்குது. ஆபத்துன்னு நீங்க சொல்றீங்க. சொல்றவர்தான் நிரூபிக்கணும். நீங்களே அந்தத் தட்டுல பதினைந்து நிமிஷம் நில்லுங்க. ஒண்ணும் ஆகலைன்னா ஆட்சேபணை தள்ளுபடி.”

“எதுனா ஆச்சின்னா சார்?”

“ஆட்சேபணையை முழுமனசோட ஏத்துக்குவோம். அந்த விஷயத்துல நாங்க பிடிவாதக்காரங்க இல்ல.”

அவர் கையைக் கூப்பினார். “கடையையாவது அங்கேந்து எடுத்துடுங்க சார். எனக்கு கடையே வாணாம். ஆக்கிரமிப்புன்னு நோட்டீசு குடுங்க, நானே பிரிச்சி எடுத்துக்கினு போறேன்.”

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. “ஏழை வயித்துல அடிக்கிற வாரியம் இல்ல இது. உங்க மனைவி அங்கேயேதான் இருப்பாங்க. தட்டு மேலயே நிப்பாங்க. ஆள் நின்னாதானே வானம் எரியும்? அவங்களை நிரந்தர ஊடாடுநரா நியமிக்கிறோம். சிங்காரம், ஆணை தயார் பண்ணுங்க.”

தயார் பண்ணினேன்.

சோதனைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி குறித்தார்கள். வந்தவர்கள் எல்லோரிடமும் முதலில் வருகைக் கையெழுத்து வாங்கினேன். சூசைமாணிக்கமும் போட்டார். நாங்கள் எல்லோரும் வாரியம் கொடுத்த ரப்பர் பூட்ஸ் போட்டுக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றோம். சேறு படாமல் இருக்க என்று ஆணையில் இருந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டெஸ்டரைத் தண்ணீரில் வைத்துப் பார்த்துவிட்டு, தட்டில் ஏறி நின்றார். விளக்கு எரியவில்லை. ஒன்றும் ஆகவில்லை.

“சார், இன்னிக்கு மாசாந்திர ஷட்டவுன்” என்று அங்கிருந்தபடியே கத்தினார். “காலையில ஒம்போதுலேந்து ஊருக்கே கரண்டு இல்ல!”

தலைவர் என் பக்கம் திரும்பினார். “கரண்ட் இருந்ததான்னு படிவத்துல கேள்வி இருக்கா?”

“இல்ல சார்” என்றேன். உண்மையிலேயே இல்லை.

பதினைந்து நிமிஷம் முடிந்தது. சூசைமாணிக்கம் போட்ட வருகைக் கையெழுத்து, அதே தாளின் கீழ்ப்பாதியில் இருந்த பாதுகாப்புச் சான்றுக்கும் கையெழுத்தாக அமைந்துவிட்டது. அப்படி அமையும்படி படிவத்தை வடிவமைத்தவனும் நான்தான். தாள் மிச்சமாகும் என்று அப்போது என்னைப் பாராட்டினார்கள்.

நியமன ஆணையைக் கொடுக்க, கட்டுச்சுவரை ஒட்டியிருந்த கடைக்கு நானே போனேன். சூசைமாணிக்கத்தின் மனைவி வியாகுலமேரி வாழைக்காய் பஜ்ஜியை எண்ணெயிலிருந்து அரித்துக்கொண்டிருந்தார். ஆணையைக் கூரை இடுக்கில் செருகிவிட்டு எனக்கு இரண்டு பஜ்ஜியை வைத்து நீட்டினார்.

“நெரந்தர ஊடாடுநர்! எம்பேருக்குப் பின்னாடி பட்டம் வந்துடுச்சி பாருங்க” என்று சிரித்தார். “இவருதான் ஒரு வாரமா சாப்பிடல. கரண்ட பாத்து பயந்தே சம்பாதிச்ச மனுசன் சார் இவரு.”

பக்கத்தில் மாவு கரைத்துக்கொண்டிருந்த சூசைமாணிக்கம் தலையை நிமிர்த்தவில்லை. “பயந்ததாலதான் சம்பாதிச்சேன். பயப்படாதவன் எல்லாம் போயிட்டான்.”

அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்தினார். “சரிய்யா. நான் போவல. தெறப்பு விழா அன்னிக்கு வூட்டுலயே இருக்கேன், போதுமா?” என்றார். சூசைமாணிக்கம் ஒரு பஜ்ஜியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

திறப்பு விழா கார்த்திகையில், சாயங்காலம் ஆறரைக்கு. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. முனைவர் கதிரவன் முதல் தடவையாகக் கடற்கரைக்கு வந்து, குடைக்குள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்தொன்பது தட்டிலும் ஆட்கள் ஏறி இறங்க, விளக்குகள் எரிந்து எரிந்து அணைந்தன. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பதினேழு மட்டும் இருட்டாக இருந்தது.

“நிரந்தர ஊடாடுநர் எங்கே?” என்று தலைவர் மைக்கில் கேட்டார். வரவில்லை என்றேன். “ஜீப்பை அனுப்புங்க. ஆணை வாங்கிட்டு வராம இருக்க முடியாது.”

இருபது நிமிஷத்தில் ஜீப் வியாகுலமேரியை இறக்கியது. கையில் மாவு காயாமல் இருந்தது. பின்னாலேயே சைக்கிளை மிதித்துக்கொண்டு சூசைமாணிக்கம் வந்தார். அந்த அம்மாள் வெறுங்காலோடு கட்டுச்சுவருக்குப் பக்கத்தில் போனபோது அவர் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

“மெயினை ஆஃப் பண்ணுங்க சார். ஒரு நிமிசம் ஆஃப் பண்ணுங்க!”

“விழா நடக்குது” என்றார் தலைவர். “வானத்தைத்தான் எல்லாரும் பார்க்க வந்திருக்காங்க. யாராவது ஒருத்தர் நிக்கணும்.”

முனைவர் கண்ணைத் திறக்காமல் சொன்னார். “யாரா இருந்தாலும் சரி. ஒளிக்கு ஆள் வித்தியாசம் தெரியாது.”

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாற்பது ஜோடி ரப்பர் பூட்ஸ் நின்றன. ஒரு ஜோடிகூட நகரவில்லை. அதில் என்னுடையதும் உண்டு. மைக்கில் மறுபடியும் வியாகுலமேரியைக் கூப்பிட்டார்கள். ஜீப்பில் வந்த இரண்டு பேர் அவர் கையைப் பிடித்தார்கள்.

“அவ வாணாம்” என்றார் சூசைமாணிக்கம். “நான் நிக்குறேன். செருப்போட ஏறி ஒடனே எறங்கிடுறேன்.”

ரப்பர் செருப்பின் அடியைத் திருப்பிப் பார்த்து, துடைத்து, மாட்டிக்கொண்டார். கட்டுச்சுவரைத் தாண்டும் முன்னால் என்னைத் தேடிப் பார்த்தார்.

“சிங்காரம் சார், எழுதிக்குங்க. வாணாம்னு சொன்னேன்னு எழுதிக்குங்க. மூணு சுழி.”

தண்ணீருக்குள் இரண்டாவது எட்டிலேயே செருப்பின் வார் அறுந்தது. வெறும் கால் தட்டில் பட்டது.

பதினேழாம் விளக்கு எரிந்தது. மற்ற முப்பத்தொன்பதையும்விட நன்றாக எரிந்தது. தொட்டித் தண்ணீரில் அப்படியே பிரதிபலித்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஆள் இறங்கினால் அணையும் விளக்கு அது. அவர் தட்டின் மேலேயே விழுந்து கிடந்ததால் அணையவில்லை. மெயின் பெட்டியின் சாவி தலைவருடைய ஜீப்பில் இருந்தது. எடுத்துவர நான்கு நிமிஷம் ஆனது. அந்த நான்கு நிமிஷமும் வியாகுலமேரியை மூன்று பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கத்திய சத்தத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே சூசைமாணிக்கம் இறந்துவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் இரண்டு நிமிஷம் மௌனம் காத்தோம். பிறகு தலைவர் பேசினார். “நாம வாக்குக் கொடுத்தோம். நிரூபிச்சா ஏத்துக்குவோம்னு சொன்னோம். அவர் நிரூபிச்சுட்டார். ஆட்சேபணை முழுமனதாக ஏற்கப்படுது.” பதினேழாம் விளக்கை அகற்றுவது என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. அதே இடத்தில், அன்னாரின் நினைவாக, ஒரு ஊடாடும் நினைவு விளக்கு அமைப்பது என்று அடுத்த தீர்மானம் ஆயிற்று. முதலில் ஏறி நின்று தொடங்கிவைக்க அவருடைய மனைவியை அழைப்பது என்றும் எழுதிக்கொண்டேன். டிரிப்பரைப் பற்றி யாரும் பேசவில்லை. அது என் அலமாரியில்தான் இருந்தது.

வரைபடத்தோடு கடிதம் போனது. சம்மதமானால் வரைபடத்திலேயே குறித்து அனுப்பவும் என்று கேட்டிருந்தோம்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. கவரில் எண்ணெய்க் கறை. வரைபடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும், தாள் கிழிகிற மாதிரி அழுத்தி, ஒரு பெரிய பெருக்கல் குறி. அதற்குக் கீழே ஐந்தாம் வகுப்பு வரை படித்த கையெழுத்தில் ஒரே சொல். வாணாம்.

தலைவர் தாளை வாங்கிக் குறியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “விளக்குக் குறியை எவ்வளவு பெரிசா போட்டிருக்காங்க பாருங்க. என்ன மனசு! கீழ என்னமோ எழுதியிருக்காங்களே, என்ன சிங்காரம்?”

தாள் என் கைக்கு வந்தது. கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. நடைவழியில் அந்த டியூப்லைட் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. என்னைப் பணியில் நிரந்தரமாக்கும் ஆணை அன்று காலைதான் வந்திருந்தது. என் மேல்பையில் இருந்தது. இந்தத் தடவை சொல்லை உள்ளபடி படித்தால், போன தடவை திருத்தியது யார் என்று கேட்பார்கள்.

“வானம், சார்” என்றேன்.

தொடங்கிவைக்க வரும்படி தேதி குறித்து, அந்த அம்மாளின் மேலான சம்மதத்துக்கு நன்றி சொல்லி, அன்றைக்கே கடிதம் தயாரானது. நான்தான் தட்டச்சு செய்தேன். இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.